நான் தொடாமல் விட்ட ழ

அந்தத் தாள்களைத் தனபால் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சந்தை நாள். தெருமுனையில் காரியாபட்டிப் பக்கமிருந்து வந்த வெங்காய லோடு இறங்கிக்கொண்டிருந்தது. மிளகாய் வத்தல் கடையில் மூட்டை பிரித்தார்கள் போலிருக்கிறது. ஜன்னல் வழியாகக் காரம் ஏறி, இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம்.

தனபால் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இன்று இருவரும் ஒரே சர்க்கரை மாத்திரையை விழுங்குகிறோம். நடுவில் எவ்வளவோ நடந்துவிட்டது. ஆனாலும் அன்றுவரை வாரத்துக்கு ஒருமுறையாவது அவன் முகத்தில் விழிக்காமல் இருந்ததில்லை.

"ஏலே மைதீனு, இதப் பாத்துக் குடுத்துரு. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

எங்கள் ஊர்ச் சந்தையின் பழைய ஓட்டுக் கட்டடத்தைச் செப்பனிட்டு, அதில் ஓர் அறையைச் சந்தையின் பழம்பொருட்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அதையொட்டி ஒரு மலர் வெளியிட ஏற்பாடு. அவன் கொண்டுவந்தது அந்த மலரின் புரூப். மலருக்கு ஆசிரியர் தனபால்.

சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். பதின்மூன்று பக்கம் ஒழுங்காகப் போனது. ஒழுங்காக என்றால், பக்கத்துக்கு ஏழெட்டுத் திருத்தம். பதினான்காம் பக்கத்தில் பெரிதாக ஒரு படம். அதற்குக் கீழே குறிப்பின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

'படத்தை அழித்தவர்: தனபால்.'

அளித்தவர் என்று இருக்க வேண்டும். படத்தைக் கொடுத்தவனை, படத்தை நாசம் செய்தவனாக ஓர் எழுத்து மாற்றியிருந்தது. பென்சில் முனை அந்த ழ-வின் மேல் போய் நின்றது.

நின்றது என்றுதான் சொல்கிறேன். திருத்தியது என்று சொல்லவில்லை.

திறந்த வெளியில் கொழுத்தவும்

போன வாரம் இதே பக்கத்தில் என் சைக்கிள் திருட்டுப் போன கதையைப் படித்த ஒரு வாசகர், 'உங்களுக்குப் பரந்த மனசு' என்று எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தால் நல்லது.

என் தொழில் பிழை திருத்துவது. முப்பது வருஷத்துக்கு மேல் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அந்த வேலைதான். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்தாக வேண்டும். அதனால் சித்திரை வெயிலில் உட்கார்ந்து அடுத்த வருஷத்து மார்கழியைப் படித்துக்கொண்டிருப்பேன். ஐந்து வேளை தொழுகிறவன்தான். ஆனாலும் எந்தக் கிழமைக்கு எப்போது ராகு காலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்ல நேரம் பார்த்த காலண்டரில் எண் மாறாமல் காத்தவன் நானாகக்கூட இருக்கலாம்.

இடையிடையே வெடி லேபிள்களும் படிக்க வரும். லேபிளில் என்ன பெரிய எழுத்து இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து நாக்குக்கு ழ வராது. பளம், மளை, கிளவன் என்றுதான் பேசுவோம். நானும் அப்படித்தான். ழ என் பென்சிலுக்கு வரும், வாய்க்கு வராது. பேசுகிறவரைக்கும் இதில் ஒரு கெடுதலும் இல்லை. எழுத உட்கார்ந்தால்தான் வம்பு. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி ஞாபகத்துக்கு வந்து, ள வர வேண்டிய இடத்திலும் பயந்துபோய் ழ-வைப் போட்டுவிடுவார்கள். 'சுத்தமான புழி கிடைக்கும்' என்று பலகை எழுதிய கடை எங்கள் சந்தையில் இன்றும் இருக்கிறது. நல்ல புளிதான். நாங்களும் அங்கேதான் வாங்குகிறோம்.

ஒருமுறை தரைச்சக்கர லேபிளில் 'திறந்த வெளியில் கொழுத்தவும்' என்று வந்தது. கொளுத்தச் சொல்வதற்குப் பதிலாகக் கொழுக்கச் சொல்லும் அந்த லேபிளை அச்சுக்குப் போகும் முன் பிடித்தது நான். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார்.

அதோடு சரி. காலண்டரின் தலையில் கடைக்காரர் பெயர் வரும். அடியில் அச்சகத்தின் பெயர் வரும். பிழை திருத்துகிறவன் பெயர் எங்கும் வராது. வேலை சரியாக நடந்தால் அப்படி ஓர் ஆள் இருந்ததே யாருக்கும் தெரியாது. இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். இந்தப் பக்கத்தில் எழுத வருவதற்கு முன்பு, ஒருமுறையாவது என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை இருந்தது.

வரலாற்று அண்ணாச்சி

தனபால் மேல் எனக்குப் பொறாமை நேற்று இன்று வந்ததில்லை. முதலில் அவனுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மேல் வந்தது. மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். என்னுடையது மூடி நசுங்கிய தூக்குவாளி. பிறகு அவன் தலைமுடி மேல் வந்தது. எனக்கு முப்பதிலேயே வழுக்கை. அவனுக்கு இன்றும் சீப்பு பல் உடைகிறது. அவன் அப்பாவுக்கு ஆயில் மில், என் அத்தாவுக்குச் சந்தையில் சாக்கு வியாபாரம். அதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. டிபன் பாக்ஸ்தான் ரொம்ப நாள் உறுத்தியது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவனுக்கு மேல். டிக்டேஷனில் நான் பத்துக்குப் பத்து, அவன் பத்துக்கு மூன்று. வளர்ந்த பிறகும் ள-வும் ழ-வும் அவனை விடவில்லை. தன் கல்யாணப் பத்திரிகையில் மணமகளை 'மணமகழ்' என்று எழுதிக்கொண்டு வந்தான். மில் நோட்டீஸ், கோயில் வரி ரசீது, மகன் பள்ளிக்கூடத்துக்கு எழுதும் லீவு லெட்டர் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். சிவப்பாகத் திரும்பிப் போகும். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. திருத்துகிற சுகம் எனக்குப் போதுமாக இருந்தது.

மில்லை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்தவனுக்குத் திடீரென்று ஊர் வரலாற்றில் ஆசை வந்தது. சந்தையின் மேற்கு வாசலை ஏன் சாக்கு வாசல் என்கிறோம், மணி அடிக்கும்வரை ஏன் ஒருவரும் தராசைத் தொட மாட்டார்கள், பங்குனிப் பொங்கலுக்குப் பாய்மார் கடையும் ஏன் அடைத்திருக்கும், நோன்பு மாதத்துச் சந்தை நாளில் வெற்றிலைக் கொட்டகைக்கே ஏன் கஞ்சி அண்டா வரும் என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தான். இதில் பாதியை என்னிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டான். நானும் காபி குடித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் ஊர் அவனை 'வரலாற்று அண்ணாச்சி' என்றது. என்னை எப்போதும்போல 'காலண்டர் பாய்'. சந்தைக் கட்டடத்தைப் பார்க்கச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி நேராக அவன் வீட்டுக்குத்தான் போனார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இவர் நம்ம கூட்டாளி என்று தனபால் என்னைக் காட்டினான். அதிகாரி எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாக்கு வாசல் கதையை அவனிடம் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்த கதையை என் எதிரிலேயே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான்.

ஓரத்தில் ஒரு தோள்

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். தனபாலின் அப்பா மில்லுக்கு முதல் லாரி வாங்கியபோது, ஸ்டூடியோக்காரரை வரவழைத்துச் சந்தை வாசலில் எடுத்த படம் அது. நடுவில் மாலை போட்ட லாரி. பக்கத்தில் அவன் அப்பா, வெள்ளைச் சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். இடது ஓரத்தில், தான் படத்துக்குள் விழுவது தெரியாமலே, ஒருவர் குந்தி உட்கார்ந்து கோணி தைக்கிறார். ஒரு தோள், பாதி முகம், ஊசி பிடித்த கை. அவ்வளவுதான் தெரியும்.

அது என் அத்தா. அவருக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பமில்லை. எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் மௌத்தான பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் தனபால் வீட்டு முன்னறைக்குத்தான் போக வேண்டும். போவேன். காபி குடிக்கிற சாக்கில் சுவரைப் பார்ப்பேன்.

ஒரு நகல் எடுத்துக்கொள் என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். எடுக்கவில்லை. என் அத்தாவை அவன் கொடுத்து நான் வாங்குவதா என்ற வீம்பு.

மலரில் அந்தப் படத்தின் கீழே அத்தாவின் பெயரையும் போட்டிருந்தான். 'இடது ஓரத்தில் இருப்பவர் சாக்கு வியாபாரி காதர் மைதீன்' என்று, தப்பே இல்லாமல். குறை சொல்ல எனக்கு ஓர் இடமும் வைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த ஊருக்கு என் அத்தாவையும் இவன்தான் அளிக்க வேண்டுமா?

என் வீட்டம்மா ஜொஹரா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"என்ன, ஒரே பக்கத்த இம்புட்டு நேரமா பாத்துக்கிட்டு இருக்கீக?"

வத்தல் நெடி, கண் எரிகிறது என்றேன். பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பதினான்காம் பக்கத்தில் வேறு பிழை எதுவும் இல்லை. ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாமல் அந்தத் தாள் அப்படியே சுத்தமாகப் போனது.

மறுநாள் தனபால் வந்து தாள் கட்டை வாங்கிப் புரட்டினான். பதினான்காம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவன் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். தனக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டான். கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மைக்கில் வாசித்தார்கள்

வெளியீட்டு விழாவுக்குச் சந்தை மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். யாராவது ஒருவர் அந்த வரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அது பக்கத்து நாற்காலிக்குப் பரவ வேண்டும். ஒரு பத்து நிமிஷம் வரலாற்று அண்ணாச்சியின் முகம் சுருங்க வேண்டும். பிறகு நானே போய் அவனைச் சமாதானம் செய்வேன். அதற்கான வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

சூலக்கரை அதிகாரி மலரைப் பிரித்தார். சொல்லி வைத்ததுபோலப் பதினான்காம் பக்கத்தைத்தான் உயர்த்திக் காட்டினார். கீழே இருந்த வரியை மைக்கில் வாசித்தார்.

அவரும் எங்கள் பக்கத்துக்காரர். அவர் நாக்கிலும் ழ கிடையாது. 'படத்தை அளித்தவர் தனபால்' என்றுதான் பந்தல் முழுக்கக் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அச்சில் பார்த்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மலரை வாங்கியவர்கள் அவரவர் பெயர் வந்த பக்கத்தை மட்டும்தான் படித்தார்கள். நான் வைத்த வெடி பொதபொதவென்று நமத்துப்போனது. ஏமாற்றமாக இருந்தது. தப்பித்தேன் என்றும் இருந்தது. இரண்டு நாள் ஜொஹரா கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன்.

கல்

அடுத்த வாரம் தனபால் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனான். பழம்பொருள் அறையைத் திறப்பதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டுமாம். சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. மேசைகளில் மரக்கால், படி, இரும்புத் தராசு, வத்தல் தரம் பார்க்கும் முறம் எல்லாம் இருந்தன. ஒரு மூலையில் சந்தை மணி. கண்ணாடிப் பெட்டிக்குள் நான் கொடுத்த அத்தாவின் கோணி ஊசி.

சுவரில் துண்டு போட்டு மூடிய ஒரு கல் இருந்தது. தனபால் துண்டை இழுத்தான். கறுப்புக் கல்லில் தங்க நிறத்தில் பெயர்கள்.

"மொதப் பேரு யாருதுன்னு பாரு."

என் பெயர்தான். 'பீர் மைதீன், கோணி ஊசி.' அதற்குக் கீழே வரிசையாக ஊர்க்காரர்கள். கடைசியில் அவன் பெயர். அச்சில் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்ட பெயரைக் கல்லில் வெட்டி, தலைமேல் தூக்கி வைத்திருந்தான். சந்தோஷத்தில் எனக்கு ஒரு நிமிஷம் தலைப்பு கண்ணில் படவில்லை.

தலைப்பு: 'பொருட்களை அழித்தவர்கள்.'

"எம் மருமக ள-தான் வருமுன்னு சொல்லுச்சு. கல்லு வெட்டுறவருக்கும் சந்தேகம். நாந்தான், மைதீன் பாத்த மலர்ல எப்படி இருக்கோ அப்படியே வெட்டுங்கன்னுட்டேன்."

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். என் கண் தவறிவிட்டது, வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். முப்பது வருஷமாக எத்தனையோ பேர் செய்த தப்பை நான் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். நான் செய்த ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தனபாலு, அது தப்புலே. ள-தான் வரணும். மலர்லயும் தப்பு."

"அப்ப நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தராசு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏன் என்று கேட்டான். உன்மேல் பொறாமை, வேறு ஒன்றுமில்லை என்று சொன்னேன். டிபன் பாக்ஸிலிருந்து அதிகாரி வந்தது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வரிய டைப் அடிச்சவங்க தப்பாப் போடலலே. நாந்தான் எளுதுனேன்," என்றான். "அஞ்சாப்புலருந்து நான் எளுதுன ஒரு பக்கங்கூட ஓங்கிட்டருந்து சிவப்பு இல்லாமத் திரும்பி வந்ததில்ல. இது ஒண்ணு சுத்தமா வந்துச்சு. மைதீனே கோடு போடலன்னு வீட்டுல எல்லாருகிட்டயும் காட்டுனேன். கண்ணாடி போட்டு மாட்டலாம்னு எடுத்து வச்சிருக்கேன்லே."

துண்டை எடுத்துக் கல்லை மூடினான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

துண்டுச் சீட்டு

கல்லைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக வெட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் பெயர் முதலில் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னார்கள். அவன் நினைத்திருந்தால் அதை எடுத்திருக்கலாம். தப்பான பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

தனபால் வரவில்லை. இரண்டு சந்தை நாள் போனது. நானும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. அத்தாவின் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணாச்சியோடு என்ன சண்டை என்று ஜொஹரா கேட்டாள். சண்டை இல்லை என்றேன். உண்மைதான். சண்டை போட்டது நான் மட்டும்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தனபால் உள்ளே வந்தான். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். மிச்சமிருக்கும் மலர்களில் ஒட்ட வேண்டும், பார்த்துக் கொடு என்றான். குரலில் கோபமும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை.

அவன் கையெழுத்தில், கோடு போட்ட தாளில் எழுதியிருந்தான்:

'பக்கம் 14-இல் அழித்தவர் என்பதை அளித்தவர் எனத் திருத்தி வாசிக்கவும். பிளைக்கு வருந்துகிறோம்.'

பிளைக்கு.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த சிவப்புப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாமல் எழுதினானா, நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பதற்காகத் தெரிந்தே எழுதினானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

பென்சிலை எடுத்தேன். ள-வை அடித்து, மேலே ழ எழுதினேன். சீட்டை அவனிடம் நீட்டினேன்.

"அத்தா படத்துக்கு ஒரு நகல் எடுத்துக் குடுலே," என்றேன்.

தனபால் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். அதுவரை நின்றுகொண்டிருந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜொஹராவிடம் காபி கேட்டான்.